ஒரு சோறு பதமாகாத பானை

(உலகக் கொசு நாளான ஆகஸ்ட் 20 அன்று, கூடலூரில் ஒரு பள்ளி மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, இந்த மழையிலும் வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, ஒலிபெருக்கிக்கும் டீக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட வியாபாரிகள் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, தோட்டத் தொழிலாளர் சங்கத் தோழர்களே, என்னோடு முப்பது வருஷம் ஊர் ஊராக நடந்த ஓய்வுபெற்ற செவிலியர் அக்காமார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். என்னைப் பேச அழைக்கலாம் என்று முதலில் சொன்னவர் தலைமையாசிரியை அம்மாதான். அவருக்குத் தனியாக என் நன்றி. சங்கத் தோழர் தனக்கு ஒதுக்கிய பத்து நிமிஷத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். அவருக்கும் நன்றி.

மூன்று விஷயம் பேச வந்தேன். மலேரியா ஒட்டுண்ணி எப்படி ரகம் ரகமாக இருக்கிறது என்பது ஒன்று. அதனால் தடுப்பூசிக்கு என்ன சிக்கல் என்பது இரண்டு. கொசு மலையேறி வருகிறதா என்பது மூன்று.

இந்த நாளை ஏன் கொண்டாடுகிறோம்? 1897ல் இதே நாளில் சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைப் பார்த்தார். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதற்குச் சில மாதம் முன்பு அவர் விடுப்பில் ஊட்டிக்கு வந்து, சீகூர் மலைப்பாதையில் கீழே இறங்கி, அங்கே தங்கி, மலேரியாவில் படுத்தார் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜன்னலைச் சாத்தி, வலை கட்டித்தான் படுத்தார். அப்படியும் காய்ச்சல் வந்தது. நம் சீகூர் கொசு அவரையும் விடவில்லை. அவருக்கு வந்தது எந்த ரகம்? இனி யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பழமொழி. என் அம்மா தினமும் அப்படித்தான் சோறு வடித்தாள். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு என்றால் ஒரு பருக்கை போதும். மலேரியா அப்படிப்பட்ட பானை இல்லை.

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலைக் காட்டில் ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. ஒன்று கரும்பச்சை, ஒன்று வெளிர்பச்சை, ஒன்று சீக்கிரம் துளிர்க்கும், ஒன்று நேரமாக்கும். யுபாசி 9 என்ற தேயிலை ரகம் போட்ட காடு அப்படியில்லை, எல்லாம் ஒரே தாய்ச்செடியின் துண்டு, குளோன். ஊரில் பரவும் மலேரியா விதைத் தேயிலை. ஆராய்ச்சிக்கூடத்தில் பல வருஷமாக வளர்ப்பதோ குளோன்.

அந்தக் குளோனுக்கு 3டி7 என்று பெயர். நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வசித்த ஒருவரின் ரத்தத்திலிருந்து வந்தது. விமானத்தில் வந்த கொசு கடித்திருக்க வேண்டும். அந்த ரத்தத்திலிருந்து வளர்த்ததன் பெயர் என்எஃப்54, அதிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்ததுதான் 3டி7. என்எஃப்54ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் காட்டும் 1981ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பெயர் எது தெரியுமா? பொன்னுத்துரை. (கைதட்டல்.) கைதட்டுங்கள், தட்ட வேண்டிய விஷயம்தான். 2002ல், மலேரியா ஒட்டுண்ணிகளில் உயிருக்கு அதிகம் ஆபத்தான இனமான ஃபால்சிபாரத்தின் மரபணுத் தொகுதியை முழுக்கப் படித்தபோதும் 3டி7ஐத்தான் படித்தார்கள். பதினான்கு குரோமோசோம், ஐயாயிரத்துச் சொச்சம் மரபணு. பெரிய சாதனை. ஆனாலும் அது ஒரு பருக்கைதான்.

ரகங்கள் எப்படிப் பெருகுகின்றன? ஒட்டுண்ணிக்குக் கல்யாணம் நடப்பது கொசுவின் வயிற்றில். ஒரே ஆளின் ரத்தத்தில் இரண்டு ரகம் இருந்து, அந்த ஆளைக் கொசு கடித்தால், ஒரு ரகத்தின் ஆணும் இன்னொரு ரகத்தின் பெண்ணும் கூடி, இரண்டிலும் இல்லாத கலவையோடு பிள்ளைகள் பிறக்கும். அது போக, ஃபால்சிபாரம் தான் புகுந்த சிவப்பணுவின் மேல் ஒரு புரதத்தை நீட்டி வைக்கும். அதற்கு அறுபது மரபணு வரை கையிருப்பு. நம் உடம்பு ஒன்றை அடையாளம் கண்டு அடிக்க ஆரம்பித்ததும் அடுத்ததை எடுத்து மாட்டிக்கொள்ளும்.

இப்போது தடுப்பூசிக்கு வருகிறேன். மாலி நாட்டில் பண்டியகரா என்ற ஊர். ஒட்டுண்ணியின் ஏஎம்ஏ1 என்ற புரதத்தை வைத்து ஒரு தடுப்பூசி செய்து, அங்கே குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2011ல் முடிவு வந்தது. மொத்தத்தில் பலன் 17 சதவீதம், கணக்கில் எடுக்க முடியாத அளவு. ஆனால் தடுப்பூசிக்குள் இருந்த ரகத்தோடு ஒத்துப்போன ஒட்டுண்ணியை மட்டும் எடுத்துப் பார்த்தால் 64 சதவீதம்! அந்த ஒரே ஊரில் அந்த ஒரே புரதத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட ரகம் இருந்ததை முன்பே எண்ணியிருந்தார்கள். தடுப்பூசியில் இருந்தது 3டி7இன் ரகம் ஒன்றுதான். ஒரு சோறு பதம் பார்த்ததன் விளைவு அது.

ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியா தடுப்பூசியை 2021ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆர்21 என்ற இரண்டாவது தடுப்பூசியை 2023ல். ஆர்21 தயாராவது நம் புனேயில். இரண்டிலும் இருப்பது ஃபால்சிபாரம் கொசுவிலிருந்து உடம்புக்குள் வரும்போது போர்த்திக்கொண்டு வரும் புரதத்தின் ஒரு பகுதி. அதில் ஒரே வாசகம் மாதிரி ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும் இடம் எல்லா ரகத்திலும் ஒன்றுபோல இருக்கும். அதனால்தான் வேலை செய்கிறது. வால் பக்கம் மட்டும் ரகத்துக்கு ரகம் மாறும். அந்த வால் தடுப்பூசியோடு ஒத்துப்போனால் முதல் வருஷத்தில் பலன் சுமார் 50 சதவீதம், ஒத்துப்போகாவிட்டால் சுமார் 33. 2015ல் வந்த கணக்கு இது. குழந்தைகளைக் காப்பாற்றுகிற ஊசிதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் இரண்டும் ஃபால்சிபாரத்துக்கு மட்டும்தான். நான் இந்த மலையில் அதிகம் பார்த்தது வைவாக்ஸ் என்ற இன்னொரு இனம். அதற்கு இன்னும் ஊசி இல்லை. வைவாக்ஸின் அதே புரதத்தில் திரும்பத் திரும்ப வரும் வாசகமே இரண்டு விதமாக இருக்கிறது. ஆய்வகத்தில் அதைத் தொடர்ந்து வளர்க்கவும் முடியவில்லை. ஆகவே வைவாக்ஸைத் தெரிந்துகொள்ள பெரும்பாலும் நோயாளியின் ரத்தத்தைத்தான் நம்ப வேண்டும்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும்.

1986. நான் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டு வருஷம். மசினகுடிப் பக்கம் ஒரு லாரி ஓட்டுநர், முப்பது வயசு இருக்கும். பொங்கல் கழிந்து குளிர் காய்ச்சலோடு வந்தார். கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவி ஸ்லைடு எடுத்தேன், வைவாக்ஸ். மாத்திரை கொடுத்தோம், எழுந்துவிட்டார். சித்திரையில் மறுபடியும் வந்தார். மறுபடியும் வைவாக்ஸ். டாக்டர், “நீ மாத்திரையை ஒழுங்காக முழுங்கவில்லை” என்று திட்டினார். மனிதர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை மடித்துக் கொடுத்த காலிக் காகிதங்களை எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினார். ஒன்றுகூட விடவில்லை சார் என்றார். சுகாதார ஆய்வாளர், இது ஊரிலேயே பிடித்த புதுக் காய்ச்சல் என்று சொல்லி, தெரு முழுக்க மருந்தடிக்க ஆள் அனுப்பினார். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரெல்லாம் பாழானது. தெருவே திரண்டு வந்து அந்த வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டது. “உன் புருஷனால்தானே எங்கள் சுவர் போச்சு” என்று. மாமியார் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் என்னிடம் வந்து நின்றாள். “அண்ணே, நீங்கதானே கண்ணாடியில பாக்குறீங்க. இது பழைய பூச்சியா, புதுப் பூச்சியா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே.” நான் பதில் சொல்லவில்லை. ஆடியில் மூன்றாம் தடவை. லாரி முதலாளி அவரை நிறுத்திவிட்டார். ஐப்பசி மாதத்தில் குடும்பம் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டது.

வைவாக்ஸ் ஈரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்து எழும். அந்த மூன்று காய்ச்சலும் ஒரே ரகமா, வேறு வேறா என்று மரபணு பார்த்திருந்தால், முழுசாக இல்லாவிட்டாலும் பாதி பதிலாவது கிடைத்திருக்கும். பார்க்க என்ன இருந்தது? அந்த ஸ்லைடுகள், முடிவு சரியா என்று வேறொருவர் பார்க்கும் குறுக்குச் சோதனைக்குப் போய்த் திரும்பி வந்ததும் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவித் துடைத்து, அடுத்த ஆளுக்கு வைத்துக்கொண்டோம். நானே கழுவினேன், இந்தக் கையால். 2016ல் ஸ்பெயினில், எப்ரோ ஆற்றுக் கழிமுகத்தில் 1940களில் எடுத்து ஒரு டாக்டரின் குடும்பம் பத்திரமாக வைத்திருந்த ஸ்லைடுகளிலிருந்து ஒட்டுண்ணியின் மரபணுவைப் படித்துவிட்டார்கள் என்று வாசித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடுவட்டத்துக்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் சிங்கோனா மரம் நட்டு, அந்தப் பட்டையிலிருந்து மலேரியாவுக்கு மருந்து எடுத்த காலத்தில், 1866லேயே, எந்த மரத்தில் எவ்வளவு சத்து என்று சோதிப்பதற்கென்றே சென்னை அரசாங்கம் ஒரு ரசாயன நிபுணரை நியமித்தது. ஒரு பட்டையைப் பார்த்து எல்லாப் பட்டையையும் தீர்மானிக்கவில்லை. மருந்து மரத்துக்குக் காட்டிய அந்தக் கவனத்தை நோய்க்குக் காட்டக் கூடாதா?

இப்போது மலேரியா எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். என் கடைசி வருஷங்களில் பாசிட்டிவ் வந்ததெல்லாம் வெளி மாநிலம் போய் வந்தவர்களிடமும், வேலைக்கு வந்த வடநாட்டுப் பிள்ளைகளிடமும்தான். நான் சொல்வது இதைத்தான்: குறைவாக இருக்கும்போதுதான் ஒவ்வொன்றையும் பிடித்து வைக்க முடியும். 1963ல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா. கண்காணிப்பு தளர்ந்தது. ஐந்தாறு வருஷத்தில் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. அங்கிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன, பெரியவர்களைக் கேளுங்கள். பிறகு விடாமல் உழைத்து, 2016ல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றை அவர்கள் வாங்கினார்கள். நாமும் 2030க்கு அதையே குறி வைத்திருக்கிறோம்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்த மலையின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மலேரியா உறுதியானால், ஸ்லைடோடு சேர்த்து, நோயாளியின் சம்மதத்தோடு, ஒரே ஒரு சொட்டு ரத்தத்தை ஃபில்டர் பேப்பரில் வையுங்கள். காயவிட்டு, செருப்புப் பெட்டியில் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அதோடு உறையில் போட்டு, தேதியும் எந்த ஊருக்குப் போய் வந்தார் என்பதும் எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்திலும் மாதக்கணக்கில் தாங்கும். புதுச்சேரியில் இந்த மாதிரி நோய்களுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே போகட்டும். நாளைக்கு வைவாக்ஸுக்கு ஊசி செய்கிறவர்களின் கையில் நம் பானையின் பருக்கையும் இருக்கட்டும்.

கொசு மலையேறும் விஷயத்துக்கு நேரம் இல்லை. அண்ணாச்சி மணியைப் பார்க்கிறார், பந்தலூர் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள். டாக்டர் அவர்களே, என் ஓய்வூதியத்தில் முதல் கட்டு வாங்கி வந்துவிட்டேன். நூறு தாள், நூறு உறை. மேடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.