சாலையிலிருந்து 500 மீட்டர், வீட்டிலிருந்து எவ்வளவு?

(ஊர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது, 2017 மார்ச் 31-க்குப் பிறகு அங்கே எந்த உரிமமும் செல்லாது என்றது. அந்த வழக்கே நம் மண்ணிலிருந்து போனதுதான்: தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் போகிற உயிர்களை நினைத்துச் சொன்ன தீர்ப்பு. நான் அன்றைக்கு மனதார வரவேற்றேன். இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் நெஞ்சை அறுக்கிறது. கெடு முடிகிற நாளிலேயே, மக்கள்தொகை 20,000-க்கு மேல் போகாத ஊர்களுக்கு 220 மீட்டர் போதும் என்று நீதிமன்றம் தளர்த்தியது. சண்டிகரில் சாலையின் வகையையே மாற்றி, நெடுஞ்சாலை இல்லை என்றாக்கினார்கள். கேரளத்தில் வடக்கு பரவூரில் ஒரு பாருக்கு முன்னால் வளைத்து வளைத்து நடைபாதை போட்டுத் தூரத்தைக் கூட்டிக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை இல்லை என்று நீதிமன்றமே விளக்கிவிட்டது.

தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் சாலையோரத்திலிருந்து எழுந்தன. சரி, எழுந்த கடை எங்கே போய் உட்காரும்? தோட்டத்து வழியில், குடியிருப்புத் தெருவில், பெண்கள் வேலை முடிந்து தனியாக நடந்து வருகிற பாதையில் இடம் தேடினார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் மறியல் செய்தார்கள். ஒரு காவல் அதிகாரி அங்கே ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். அந்தம்மா கேட்டது என்ன? எங்கள் ஊருக்குள் வேண்டாம் என்றுதானே!

நம்முடைய 2003 சில்லறை விற்பனை விதிகளை எடுத்துப் பாருங்கள். கோயில், மசூதி, தேவாலயம், பள்ளி, கல்லூரி இவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். அந்தத் தூரக் கணக்கில் வீடு இல்லை. அடுத்த வாசலில் வயதுப் பெண் இருக்கிறாளா, கைக்குழந்தை இருக்கிறதா என்று அளவு நாடா கேட்பதில்லை.

மகாராஷ்டிரத்தில் வேறு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெண்கள் மனுக் கொடுத்தால் வாக்கெடுப்பு நடக்கும். சீட்டில் இரண்டு படம்: நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். எழுத்துத் தெரியாத பாட்டியும் முத்திரை குத்தலாம். பட்டியலில் உள்ள வாக்காளர்களில் பாதிப் பேருக்கு மேல் படுத்த பாட்டிலுக்குக் குத்தினால் கடையை மூட வேண்டும். எத்தனையோ ஊர்களில் பெண்கள் அப்படி மூட வைத்திருக்கிறார்கள். பாட்டிலைப் படுக்க வைக்கிற அந்த முத்திரை நம் பெண்கள் கையிலும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நூறு மீட்டரை இருநூறாக்குவதைவிட அது பெரிது. இடத்தை அதிகாரிகள் முடிவு செய்துவிட்டு, பிறகு ஊரைச் சமாதானப்படுத்துவது முறையல்ல.

அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். போன தடவை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் இந்தத் தடவை முன்னால் வந்து உட்காருங்கள். புதுக்கடைக்கு ஊரின் சம்மதம் வேண்டும், பெண்களின் வாக்கெடுப்புக்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.