சேலத்து வக்கீல்களும் நகராட்சி நாற்காலியும்

(திரை: பழைய சேலம் ஜில்லா வரைபடம். மேல "1882" எழுத்து வருது.)

1882-ல சேலம் நகராட்சிக்கு ஒரு புது உறுப்பினர் வர்றார். வயசு முப்பது. அதுக்கு முந்தின வருஷம்தான் வக்கீல் தொழிலையே ஆரம்பிச்சிருக்கார். செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூர்ல பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில படிச்சு, கொஞ்ச நாள் வாத்தியார் வேலை பார்த்துட்டு, சட்டத்தைத் தானாவே படிச்சுத் தேறினவர். பேரு சி. விஜயராகவாச்சாரியார்.

அதே வருஷம் ஆகஸ்ட்ல சேலத்துல மதக் கலவரம். ஊரே ரத்தக்களறி ஆகுது. கலவரத்தைத் தூண்டிவிட்டதா போலீஸ் பிடிச்ச ஆட்கள்ல இந்தப் புது உறுப்பினரும் ஒருத்தர். செஷன்ஸ் கோர்ட் அவருக்குப் பத்து வருஷம் சிறைத்தண்டனை போடுது. சென்னை உயர் நீதிமன்றத்துல அப்பீல். அவருக்காக வாதாடினது எர்ட்லி நார்ட்டன்ங்கிற வெள்ளைக்கார வக்கீல். விடுதலை.

பொதுவா இந்தக் கதையை இதோட முடிச்சிடுவாங்க. எனக்கு முக்கியமாப் படறது இதுக்கு அப்புறம் நடந்ததுதான்.

(திரை: அரசாங்க உத்தரவு மாதிரி ஒரு காகிதம். அதுல ஒரு பேர் மேல கோடு விழுது.)

அரசாங்கம் அவரை நகராட்சியில இருந்து நீக்கியிருந்தது. விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் கிடையாது, ஒரு விசாரணை கிடையாது. விடுதலையான வேற யாரா இருந்தாலும், உயிர் தப்பிச்சதே பெரிசுன்னு ஊர்ப்பக்கம் போயிருப்பாங்க. இவர் வழக்குப் போட்டார். யார் மேல? இந்தியா மந்திரி மேல. அந்தக் காலத்துல அரசாங்கத்தை எதிர்த்து வழக்குன்னா, லண்டன்ல இருக்கிற அந்தப் பதவியின் பேர்லதான் போடணும்.

ஜெயிச்சார். நஷ்டஈடு 100 ரூபாய். தொகையைப் பார்க்காதீங்க, விஷயத்தைப் பாருங்க. நீக்கற அதிகாரம் சட்டத்துல இருக்கலாம். ஆனா குற்றச்சாட்டு என்னன்னு சொல்லி, பதிலுக்கு வாய்ப்புக் கொடுத்துட்டுத்தான் அந்த அதிகாரத்தைத் தொடணும். 1884-ல வெளிவந்த சட்டத் தீர்ப்புத் திரட்டு, சென்னை வரிசை, 7-ம் தொகுதி, 466-ம் பக்கத்துல இந்த வழக்கு இருக்கு. கலவர வழக்குல அந்தமானுக்கு அனுப்பப்பட்ட மத்தவங்க விடுதலைக்காகவும் அவர் விடாம மனு மேல மனு போட்டார். "தென்னாட்டுச் சிங்கம்"னு அவருக்குப் பேர் வந்தது சும்மா மேடைப் பேச்சால இல்லை.

(திரை: மூணு வகை வக்கீல்கள் – பிளீடர், வக்கீல், பாரிஸ்டர்.)

சரி, அந்தக் காலத்து நகராட்சிகள்ல ஏன் எங்க பார்த்தாலும் வக்கீலாவே இருந்தாங்க?

காரணம் ரொம்பச் சாதாரணம். சேலம் நகராட்சி 1866-ல வந்தது. சட்டம் இங்கிலீஷ்ல, கலெக்டர் கடிதம் இங்கிலீஷ்ல, தீர்மானப் புத்தகம் இங்கிலீஷ்ல. ஓட்டு எல்லாருக்கும் கிடையாது, வரி கட்டறவங்களுக்குத்தான். தலைமை பெரும்பாலும் அதிகாரிங்க கையில. அந்த மேசையில உட்கார்ந்து கலெக்டர் சொல்றதுக்கு மறுப்புச் சொல்லணும்னா மூணு தகுதி வேணும்: பாஷை தெரியணும், சட்டம் தெரியணும், அரசாங்கச் சம்பளம் வாங்காதவரா இருக்கணும். ஜில்லாவுல இந்த மூணும் சேர்ந்து யாருகிட்ட இருந்தது? கோர்ட் வாசல்ல நின்ன வக்கீலுங்ககிட்டதான். வியாபாரிகிட்ட பணம் இருந்தது, மிராசுதார்கிட்ட செல்வாக்கு இருந்தது. ஆனா "இந்தப் பிரிவுப்படி உங்களுக்கு அதிகாரம் இல்லை துரை"ன்னு சொல்ற தைரியம், அந்தப் பிரிவைப் படிச்சவருக்குத்தானே வரும்?

அதே 1882 மே மாசம்தான் வைஸ்ராய் ரிப்பன் உள்ளாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். உள்ளூர் சபைகள்ல அதிகாரி அல்லாதவங்க அதிகமா இருக்கணும், முடிஞ்ச இடத்துல தேர்தல் நடக்கணும்னு சொல்லுச்சு. கதவு கொஞ்சம் திறந்தது. முதல்ல உள்ள போனது கறுப்புக் கோட்டு.

இதுல ஒரு கசப்பும் இருக்கு, அதையும் சொல்லிடணும். வக்கீல் வந்தார்னா ஊர் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. படிச்ச, வரி கட்டற, மேல்சாதி ஆட்கள் ஒரு அறையில உட்கார்ந்து மத்த எல்லாருடைய தெருவுக்கும் தண்ணிக்கும் முடிவெடுத்தாங்க. நீதிக்கட்சி பிறந்ததுக்குப் பின்னாடி இந்த எரிச்சலும் உண்டு.

(திரை: "1917" எழுத்து. பழைய நகராட்சிக் கட்டடத்தின் கோட்டோவியம்.)

அதே சேலத்துல, அடுத்த தலைமுறை. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில 1878-ல பிறந்த சி. ராஜகோபாலாச்சாரி, 1900-ல சேலத்துக்கு வந்து கிரிமினல் வக்கீலா வேரூன்றினார். 1911-ல நகராட்சி உறுப்பினர். 1917-ல இருந்து 1919 வரைக்கும் தலைவர். நம்ம எல்லாருக்கும் ராஜாஜின்னா கவர்னர் ஜெனரல், முதலமைச்சர்னுதான் ஞாபகம் வரும். ஆனா நிர்வாகத்தை அவர் கத்துக்கிட்ட பள்ளிக்கூடம் இந்த நகராட்சிதான்.

அவர் காலத்துலதான், அவர் முயற்சியால, ஒரு தலித் உறுப்பினர் முதல் தடவையா சேலம் நகராட்சிக்குள்ள வந்தார். கொஞ்ச முன்னாடி சொன்னேனே, ஒரே வகை ஆட்கள் உட்கார்ந்திருந்த அறைன்னு? அந்த அறைக்குள்ள. இன்னைக்கு இட ஒதுக்கீடு இருக்கறதால இது சின்ன விஷயமாத் தெரியலாம். அன்னைக்கு அந்த நாற்காலியைப் போடறதுக்கே ஊர்ல எத்தனை பேரைப் பகைச்சுக்கணும்!

அதே சமயத்துல கோர்ட்டையும் விடலை. விடுதலைப் போராட்ட வீரர் பி. வரதராஜுலு நாயுடு மேல ராஜத்துரோக வழக்கு வந்தப்போ அவருக்காக வாதாடினவர் ராஜாஜி. பகல்ல அரசாங்கத்தை எதிர்த்து வாதம், சாயங்காலம் அரசாங்கச் சட்டப்படி நடக்கற ஒரு நகராட்சிக்குத் தலைமை. 1916-ல அறிவியல் கலைச்சொற்களைத் தமிழ்ல உருவாக்க ஒரு சங்கத்தையும் ஆரம்பிச்சார். ஒரு மனுஷன் எப்ப தூங்கினார்னு தெரியலை.

இந்த ஊர்ப் பழக்கம் பின்னாடியும் வெளிப்பட்டுது. 1937-ல மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கைக் கொண்டுவந்தார் இல்லையா, முதல்ல எந்த ஜில்லாவுல? சேலத்துல. தெருத்தெருவாத் தெரிஞ்ச ஜில்லாவை எடுத்துப் பரிசோதனை பண்றது நல்ல நிர்வாகியின் புத்திசாலித்தனம்னுதான் நான் நினைக்கறேன்.

1917-லயே இன்னொரு வக்கீலும் நகராட்சிக்குள்ள நுழைஞ்சார், அகமதாபாத்ல. வல்லபாய் படேல். லண்டன்ல பாரிஸ்டர் படிச்சுட்டு வந்து நல்லாச் சம்பாதிச்சுக்கிட்டு இருந்தவர், போய் உட்கார்ந்தது சுகாதாரக் கமிட்டியில. சாக்கடை, குப்பை, பிளேக். அந்த வருஷம் பிளேக் பரவினப்போ வசதியானவங்க ஊரைக் காலி பண்ணாங்க, அவர் போகலை. 1924-ல அந்த நகராட்சிக்கே தலைவரானார்.

(திரை: நாக்பூர், டிசம்பர் 1920.)

இப்ப ஒரு வேடிக்கை. 1920 டிசம்பர்ல நாக்பூர் காங்கிரஸ். ஒத்துழையாமைத் திட்டத்தை உறுதிப்படுத்தின மாநாடு. வக்கீலுங்க கோர்ட்டைப் புறக்கணிக்கணும்ங்கறதும் அதுல ஒண்ணு. தலைமை யாரு? நம்ம விஜயராகவாச்சாரியார். நூறு ரூபாய் நஷ்டஈட்டுக்காக அதே கோர்ட்டை நம்பிப் போய் ஜெயிச்ச மனுஷன்! அந்தத் திட்டத்தை அவரால முழு மனசோட ஏத்துக்க முடியலை. ராஜாஜி தொழிலையே விட்டார், அடுத்த வருஷம் சிறைக்குப் போனார். சட்டத்தைச் சட்டத்தாலயே மடக்கலாம்னு ஒருத்தர் நம்பினார். அந்த மேசையை விட்டே எழுந்திருக்கணும்னு இன்னொருத்தர் முடிவெடுத்தார். யார் சரின்னு சண்டை போட இந்த வீடியோ போதாது.

(திரை: ஒரு மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியல், நெருக்கமா.)

இனி இன்னைக்குக் கதை. ஒரு வக்கீல் கவுன்சிலரா இருந்தா உண்மையில என்ன வித்தியாசம்?

கூட்டத்துக்கு முன்னாடி ஒரு பொருள் பட்டியல் வரும். அதுல ஒரு வரியை எடுத்துக்குவோம். ஒரு தெருவுக்குச் சிமெண்ட் சாலை. மதிப்பீடு இவ்வளவு. அவசரம் கருதித் தலைவரின் முன் அனுமதி பெற்று வேலை முடிக்கப்பட்டது. "மன்றத்தின் பின்னேற்புக்கு." அதாவது, வேலை முடிஞ்ச பிறகு மன்றத்தோட ஒப்புதல் கேட்கறாங்க. கூட்டத்துல செயல் அலுவலர் வாசிப்பார், "ஏற்கப்பட்டது"ன்னு சத்தம் வரும், அடுத்த பொருளுக்குப் போயிடுவாங்க. எல்லாம் அரை நிமிஷம்.

வக்கீல் அங்க கையைத் தூக்கணும். அவசரம்னு யார் முடிவு பண்ணா, கோப்புல காரணம் எழுதியிருக்கா? எந்தப் பிரிவுல முன் அனுமதி? ஒப்பந்தப்புள்ளி, அதாவது டெண்டர், எத்தனை வந்தது, குறைஞ்ச விலைக்காரருக்குத்தான் போச்சா? வேலை முடிஞ்சதுன்னா அளவுப் புத்தகத்துல, அதாவது எம் புக்ல, அளவு எடுத்த தேதி என்ன? அந்தத் தேதி அனுமதித் தேதிக்கு முந்தினதா இருந்தா, அவசரம்ங்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? தமிழ்நாட்டுல ஒப்பந்தப்புள்ளிகளுக்குன்னே 1998-ல ஒரு வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கு. இந்தக் கேள்விகளைக் கேட்க கட்சி பலம் வேண்டாம், குரல் வளமும் வேண்டாம். முந்தின நாள் ராத்திரி அந்தக் காகிதத்தைப் படிச்சிருக்கணும், அவ்வளவுதான். கேட்டதோட விட்டுடாம, "என் ஆட்சேபத்தைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புல பதிவு பண்ணுங்க"ன்னு உட்காரணும். பதிவாகாத ஆட்சேபம் பின்னாடி எந்தக் கோர்ட்லயும் செல்லாது. இது வக்கீலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

(திரை: தராசு. ஒரு பக்கம் கட்சிக்காரர், ஒரு பக்கம் ஊர்.)

ஆனா இதே படிப்புதான் சிக்கலையும் கொண்டுவருது. வீட்டு வரி தகராறுல நகராட்சி மேல வழக்குப் போட ஒருத்தர் வர்றார். நீங்க அந்த நகராட்சியோட கவுன்சிலர். எடுக்கலாமா? கூடாது. நகராட்சிக்காகவே ஆஜராகலாமான்னா, அதையும் தொடாம இருக்கறதுதான் நல்லது. ஒரு சங்கம், நிறுவனம், கழகம் எதுவா இருந்தாலும், அதோட செயற்குழுவுல இருக்கிற வழக்கறிஞர் அதுக்காகவோ அதுக்கு எதிராகவோ ஆஜராகக் கூடாதுன்னு இந்திய வழக்கறிஞர் மன்றத்தோட நடத்தை விதியே சொல்லுது. கோயில் அறங்காவலர், பள்ளி நிர்வாகக் குழு, கூட்டுறவுச் சங்கம் எல்லாத்துலயும் இதே கேள்வி வரும். "ஜூனியர் பேர்ல வக்காலத்து போட்டுக்கலாம்"னு ஒரு குறுக்கு வழி சொல்லுவாங்க. ஊர்ல எல்லாருக்கும் தெரியும் அது யாரோட ஜூனியர்னு.

தேர்தல்ல நிக்காமலே பொதுப்பணி செய்ய இப்ப நிறைய வாசல் இருக்கு. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி அமைஞ்ச சட்டப் பணிகள் ஆணைக்குழுவோட வழக்கறிஞர் பட்டியல்ல சேரலாம், இலவசச் சட்ட உதவி வழக்குகளை நடத்தலாம். பணியிடப் பாலியல் தொல்லை தடுப்புக்கு 2013 சட்டப்படி மாவட்டத்துல ஒரு உள்ளூர்க் குழு உண்டு. அதுல நியமிக்கப்படறவங்கள்ல ஒருத்தருக்காவது சட்டப் பின்னணி இருந்தா நல்லதுன்னு சட்டமே சொல்லுது.

கனமான வேலைன்னா குழந்தைகள் நலக் குழு. தலைவர் ஒருத்தர், உறுப்பினர் நாலு பேர், அதுல ஒருத்தராவது பெண். வீட்டை விட்டு ஓடி வந்த பையன், பஸ் ஸ்டாண்டுல கண்டெடுத்த குழந்தை, வேலைக்கு வச்சிருந்த இடத்துல மீட்கப்பட்ட சிறுமி, எல்லாரும் இந்த அஞ்சு பேர் முன்னாடிதான் வருவாங்க. ஒரு மாஜிஸ்திரேட்டுக்கு இருக்கிற அதிகாரம் இந்தக் குழுவுக்கு இருக்கு. பதவிக்காலம் மூணு வருஷம்.

இதுக்கு விண்ணப்பிக்க நினைக்கிற வக்கீலுங்க ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்க. 2015 சிறார் நீதிச் சட்டப்படி இந்தக் குழு மாசத்துல குறைஞ்சது 20 நாள் கூடணும். வருஷத்துல முக்கால் பங்கு அமர்வுக்காவது வரலைன்னா நியமனமே ரத்தாகலாம். கோர்ட் நடக்கறதும் அதே நாட்கள்தான், அதே காலை பத்தரை மணிதான். சீனியர்கிட்ட, வீட்டுல, கையில இருக்கிற கட்சிக்காரங்ககிட்ட பேசிட்டு அப்புறம் படிவத்தை நிரப்புங்க.