சாயத் தண்ணியும் காந்தத் தூளும்

வணக்கமுங்க. நொய்யல் ஆத்துக் கரையில இருக்கறவங்களுக்கு நான் சொல்லித் தெரியணும்னு இல்ல. பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணையில சாயக்கழிவு வந்து தேங்கி, தோட்டங்காடெல்லாம் உப்புப் பூத்து, விவசாயிங்க கோர்ட்டுக்குப் போயி, கடைசியில 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொல்லிருச்சு.

நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி நடத்தறேன், அந்தச் சாயத் தண்ணியில இருந்து கலர எடுக்கறதுக்கு என் லேப்ல பசங்க கறுப்பா ஒரு தூள் பண்றாங்க. மேக்னடைட்னு சொல்ற இரும்பு ஆக்சைடுதான், ஆனா ஒவ்வொரு துகளும் 10 நானோமீட்டர் சைஸ், ஒரு நானோமீட்டர்னா மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு. அவ்வளவு பொடிசா ஆக்குறப்போ ஒரே ஒரு கிராம் தூளோட மேற்பரப்ப எல்லாம் விரிச்சா ஆயிரம் சதுர அடி வீட்டுத் தரைய விட ஜாஸ்தி வருதுங்க, சாயம் வந்து ஒட்டறதுக்கு அவ்வளவு இடம். ஒட்டின பிறகு பாத்திரத்துக்கு வெளிய ஒரு காந்தத்த வச்சா தூள் மொத்தமும் அந்தப் பக்கமா வந்துரும், மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும். முதல்தடவ பாக்கற பசங்க கண்ணு விரியறத இன்னைக்கும் ரசிக்கறேன்.

இந்தத் தூள சும்மா அப்படியே விட்டா ஒண்ணோட ஒண்ணு திரண்டு கட்டியாயிரும், ஆசிட்ல கரையவும் செய்யும். அதனால கைட்டோசான் பூசறோம், இறால் ஓடு நண்டு ஓட்டுல இருந்து எடுக்கறதுதான். பனியன் துணிக்குப் போடற ரியாக்டிவ் சாயத்துக்கு நெகட்டிவ் சார்ஜ், கைட்டோசான்ல இருக்கற அமீன்ங்கற நைட்ரஜன் பகுதிக்கு ஆசிட் தண்ணியில பாசிட்டிவ் சார்ஜ், ரெண்டும் இழுத்துக்கும். அப்புறம் காரத் தண்ணியில அலசினா சாயத்துல பெரும்பகுதி விட்டுரும், தூள மறுபடி போடலாம்.

ஆனா ஒண்ணு மனசத் திறந்து சொல்லணும். லேப்ல நாங்க டிஸ்டில்டு வாட்டர்ல சாயத்தக் கரைச்சுட்டு எடுத்துக் காட்டறோம், பட்டறைத் தண்ணி அப்படியா இருக்கு? அடர் கலருக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல கூட உப்புப் போடறாங்க, சாயம் பிடிக்க சோடா ஆஷ்ங்கற காரம் வேற, அதனால தண்ணி நல்ல காரமா இருக்கும், அந்தக் காரத்துல அமீனோட சார்ஜே போயிரும், ஆசிட் ஊத்திக் காரத்த இறக்கினா இன்னும் உப்பு ஏறும், அந்த உப்பு சாயத்தோட போட்டி போட்டு இடத்தப் பிடிச்சுக்கும். உண்மையான பட்டறைத் தண்ணிய ஊத்தினப்போ எங்க தூள் எடுத்த சாயம் ரொம்பக் குறைஞ்சு போச்சு, எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல.

இன்னொண்ணு, இந்தத் தூள் உப்ப எடுக்காது. நிலத்தக் கெடுத்ததுல பெரிய பங்கு உப்புக்குத்தான், கலர் போயிருச்சுன்னு ஆத்துல விட முடியாதுங்க. என் யோசனை வேற. கலர மட்டும் எடுத்துட்டா மிச்சம் நிக்கறது உப்புத் தண்ணி, அதையே அடுத்த சாயத்துக்குத் திருப்பி ஊத்தலாமே. உப்புக் கரைசல மறுபடி பயன்படுத்தற வழக்கம் திருப்பூர் பொது சுத்திகரிப்பு நிலையங்கள்ல இருக்கறதுதான், அந்த இடத்துல தூள் ஒத்தாசையா நிக்குமான்னு பாக்கணும். காந்தத்துல மாட்டாம தப்பிச்ச துகள் எவ்வளவு, சாயம் ஏறின பழைய தூள எங்க போடறது, இதுக்கும் பதில் சொல்லாம யாருக்கும் இத விக்கக் கூடாது.

கேட்டுட்டு இருக்கற பட்டறைக்காரங்க யாராவது இருந்தா, சாயத் தொட்டியில இருந்து வர்ற தண்ணிய அப்படியே, எதுவும் கலக்காம ஒரு 20 லிட்டர் கேன் குடுங்க, என்ன சாயம், எவ்வளவு உப்புன்னு ஒரு சீட்டும் சேத்து ஒட்டிருங்க, நாங்களே வந்து எடுத்துக்கறோம்.