பறித்த பின்னும் மூச்சு விடும் மல்லி: ஒரு செல்லுக்குள் என்ன நடக்கிறது?

(காட்சி: மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். இன்னும் விடியவில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் மல்லி மூட்டைகள் வந்து இறங்குகின்றன.)

வணக்கம். மணி ஐந்தே கால். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கமிருந்து பறித்து வந்த மல்லி மொட்டு என்னைச் சுற்றி மூட்டை மூட்டையாக நிற்கிறது. இங்கே கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம், செல்லைப் பற்றி வீடியோ எடுக்கிறேன் என்று சொன்னேன். அவர் ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்துவிட்டு, "உள்ள கையை விட்டுப் பாருங்க தம்பி" என்றார்.

(காட்சி: முழங்கை வரை மூட்டைக்குள் போகும் கை. அண்மைக் காட்சி.)

மேலே இருக்கும் மொட்டு பனி பட்டதுபோல ஜில்லென்று இருக்கிறது. கை உள்ளே போகப் போகக் கதகதப்பு. நடுவில் நல்ல இளஞ்சூடு, காய்ச்சி இறக்கி ஆறிக்கொண்டிருக்கும் பால் பாத்திரத்தைத் தொட்ட மாதிரி. கூடவே ஈரக்கசிவு. "இப்படியே கட்டி வச்சா அவிஞ்சு போயிரும். கொட்டிப் பரத்திரணும்" என்றார் அக்கா.

செடியை விட்டு வந்து சில மணி நேரம் ஆன மொட்டு அது. அடுப்பு இல்லை, வெயில் இல்லை. அப்புறம் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? இந்த வீடியோவில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான்.

(காட்சி: நுண்ணோக்கியில் மல்லி இதழின் மேல்தோல். ஒட்டி ஒட்டி அடுக்கிய செல்கள்.)

ஒரு மொட்டைப் பிரித்து இதழை உரித்து நுண்ணோக்கியில் வைத்தால் இப்படித் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். வெளியே செல் சுவர், அதை ஒட்டி உள்ளே மெல்லிய சவ்வு. நடுவில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டு தண்ணீர்ப்பை மாதிரி இருப்பது வாக்குவோல். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாம் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். பத்தாம் வகுப்பில் இந்தப் படத்தை வரைந்து, கோடு போட்டுப் பாகம் குறித்திருப்பீர்கள். அதோடு செல் முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் எனக்கு வருத்தம். அந்தப் படம் பூட்டிய பட்டறையின் வரைபடம். பட்டறை திறந்து வேலை நடக்கும்போது பார்க்க வேண்டும்.

வேலை என்ன? சர்க்கரையை உடைப்பது.

வீட்டில் சர்க்கரை டப்பா இருக்கிறது. அதைச் சுற்றிக் காற்றும் இருக்கிறது, காற்றில் ஆக்சிஜனும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கரியமில வாயுவும் தண்ணீரும் வர வேண்டும், நிறைய ஆற்றலும் வெளிப்பட வேண்டும். ஆனால் டப்பாவில் சர்க்கரை வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஏன்?

(காட்சி: மேற்குத் தொடர்ச்சி மலையின் வரைபடம். ஒரு பக்கம் பெரியாற்று நீர்த்தேக்கம், மறுபக்கம் தாழ்வாகக் கம்பம் பள்ளத்தாக்கு.)

முல்லைப் பெரியாறு அணையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலே தேங்கி நிற்கிறது. நம் பக்கம் பள்ளம். ஆனாலும் அது தானாக இந்தப் பக்கம் வராது, நடுவில் மலை முகடு நிற்கிறது. 1895ல் அணை கட்டி முடித்தபோது மலையைக் குடைந்து சுரங்கமும் போட்டார்கள். வழி கிடைத்ததும் தண்ணீர் தன் எடையிலேயே இறங்கி வந்தது.

எந்த வேதிவினைக்கும் இப்படி ஒரு முகடு உண்டு. தாண்டுவதற்கு முதலில் கொஞ்சம் ஆற்றல் கொடுத்தாக வேண்டும். தீக்குச்சி வைத்துக் கொடுக்கலாம், ஆனால் செல்லுக்குள் தீ வைக்க முடியாது. அதனால் செல் சுரங்கம் போடுகிறது. அந்தச் சுரங்கத்தின் பெயர் நொதி. நொதி தண்ணீரை உண்டாக்குவதில்லை, பள்ளத்தையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இறங்கத் தயாராக இருப்பதற்கு வழி கொடுக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு தண்ணீர் போனாலும் சுரங்கம் தீர்ந்துபோகாது என்பதுபோல, ஒரே நொதி மறுபடி மறுபடி அதே வேலையைச் செய்யும்.

நொதிகளில் கிட்டத்தட்ட எல்லாமே புரதங்கள். புரதச் சங்கிலி மடிந்து மடிந்து ஒரு குழிவு உண்டாகும். அந்தக் குழிவில் குறிப்பிட்ட மூலக்கூறு மட்டும் வந்து பொருந்தும். மடிப்பு கெட்டால் குழிவும் கெட்டது, வேலை நின்றது. இதை உங்கள் சமையலறையிலேயே காட்டிவிடலாம்.

(காட்சி: இரண்டு உருளைக்கிழங்கு வில்லைகள். ஒன்று பச்சை, ஒன்று வேகவைத்தது. இரண்டின் மேலும் சொட்டுச் சொட்டாக ஒரு திரவம்.)

மருந்துக் கடையில் புண் கழுவக் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு இது. பச்சைக் கிழங்கில் விட்டதும் நுரை பொங்குவதைப் பாருங்கள். கிழங்கின் செல்லில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. நுரை முழுக்க ஆக்சிஜன். வெந்த கிழங்கில் ஒரு குமிழி இல்லை. வேகும்போது புரதத்தின் மடிப்பு குலைந்துவிட்டது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் திரும்ப நீராகாதே, அதே கதை.

சர்க்கரையை நொதிக்கவைக்கும் நொதிகள் உயிருள்ள செல்லுக்கு வெளியேயும் வேலை செய்யும் என்பதை 1897ல் எடுவார்ட் புக்னர் என்ற ஜெர்மானியர் காட்டினார். ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து சாறு எடுத்தார். சாறு கெடாமல் இருக்கச் சர்க்கரை போட்டு வைத்தார். பார்த்தால் சாறு நொதித்துக் குமிழிவிட ஆரம்பித்துவிட்டது, அதில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாமலேயே! உயிருக்குள் ஏதோ தனி சக்தி இருந்துதான் நொதிக்கிறது என்று நம்பிய காலம் அது. புக்னருக்கு 1907ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, மூட்டைக்குத் திரும்புவோம்.

மொட்டைப் பறித்ததும் இலையிலிருந்து வரும் சர்க்கரை நின்றுபோகிறது. இனி கையிருப்புதான். அந்த இருப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு செல்லும் பிழைப்பை ஓட்டுகிறது. முதலில் செல்லுக்குள் கூழாக இருக்கும் சைட்டோபிளாசத்தில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு, பத்து நொதிகள் வரிசையாகக் கைமாற்ற, பைருவேட் என்ற இரண்டு துண்டுகளாக உடைகிறது. இதன் பெயர் கிளைக்கோலைசிஸ். இதில் செல்லுக்கு மிஞ்சும் லாபம் இரண்டே இரண்டு ஏடிபி.

ஏடிபி என்பது செல்லின் சில்லறைக் காசு. குளுக்கோஸ் பெரிய நோட்டு, அதைக் கொண்டுபோய் நேராக எந்த வேலையையும் வாங்க முடியாது. உடைத்துச் சில்லறையாக்க வேண்டும். இந்த ஏடிபியைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1929ல் அதைச் செய்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாகக் கண்டுபிடித்தார். நம் பாடப் புத்தகங்களில் சுப்பாராவ் இன்னும் பெரிய எழுத்தில் வர வேண்டியவர்.

இரண்டு ஏடிபி போதாது. மீதிச் சில்லறை மைட்டோகாண்ட்ரியாவில் கிடைக்கிறது.

(காட்சி: லோயர் கேம்ப் மின் நிலையம். மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள். அப்படியே மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வாக மாறுகிறது படம்.)

குமுளி மலைப்பாதையில் போனவர்களுக்கு லோயர் கேம்ப் குழாய்கள் தெரியும். சுரங்கம் தாண்டி வந்த பெரியாற்றுத் தண்ணீர் அந்தக் குழாய்களில் விழுந்து டர்பைனைச் சுழற்றிவிட்டுத்தான் நம் வயலுக்கு வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வும் ஓர் அணை. அங்கே தேங்குவது ஹைட்ரஜன் அயனி. பைருவேட் துண்டுகள் உள்ளே வந்து, அசிடைல் கோஎன்சைம் ஏ என்ற பொருளாக மாறி, கிரப்ஸ் சுழற்சி என்ற வினைத்தொடரில் உடைந்து கரியமில வாயுவாக வெளியேறுகின்றன. அவற்றிலிருந்து உருவிய எலக்ட்ரான்கள் சவ்வில் இருக்கும் புரதங்கள் வழியாகக் கைமாறிக் கைமாறிப் போகும்போது, அந்த ஆற்றலில் அயனிகள் சவ்வுக்கு அந்தப் பக்கம் இறைக்கப்படுகின்றன. தேங்கிய அயனி திரும்பி வர ஒரு மதகு உண்டு. ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி அது. அயனி உள்ளே பாயப் பாய அந்த நொதி நிஜமாகவே சுற்றுகிறது. ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி, நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல்கூடச் சுற்றும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும் இடம் இது. பூக்காரம்மா கையில் இருக்கும் ஒரு மொட்டுக்குள் இப்படி எத்தனை டர்பைன்!

கடைசியில் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். அதற்குத்தான் ஆக்சிஜன். எலக்ட்ரானை வாங்கி, அயனியோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். நாம் மூச்சு இழுப்பது இந்த ஒரு வேலைக்காகத்தான் என்று சொன்னால் தப்பில்லை.

எல்லாம் கூட்டினால் ஒரு குளுக்கோஸுக்கு ஏறத்தாழ 30 ஏடிபி. ஆனாலும் குளுக்கோஸில் இருந்த ஆற்றலில் பாதிக்கு மேல் ஏடிபியில் சேராமல் வெப்பமாகப் போய்விடுகிறது. ஒற்றை மொட்டில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும், நமக்குத் தெரியாது. மூட்டையாகக் கட்டினால் வெளியேற வழியில்லை. அக்கா காட்டிய கதகதப்பு அதுதான். ஈரக்கசிவு மூச்சுவிட்ட பூ விட்ட நீராவி.

சூடு ஏறினால் இன்னொரு சிக்கல். பத்து டிகிரி கூடினால் பல நொதிகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வேகம் கூடினால் இன்னும் சூடு. இருப்புச் சர்க்கரை மளமளவென்று தீரும். நடுவில் ஆக்சிஜனும் தீரும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் மைட்டோகாண்ட்ரியா நின்றுவிடும். அப்போது செல் பைருவேட்டைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றி, அந்த இரண்டு ஏடிபியில் உயிரைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அவிந்த பூவில் வரும் அந்தப் புளித்த வாடையில் இதற்கும் பங்கு உண்டு.

இட்லி மாவிலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். அங்கே லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. அமிலத்தால் புளிப்பு, வாயுவால் பொங்குதல். சித்திரை வெயிலில் மாவு பாத்திரத்தை விட்டு வழிவதும் மார்கழியில் மந்தமாக இருப்பதும் நொதியின் வேகம்தான். வெளியூருக்குப் போகும் மல்லியைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு கட்டுவதும் அதே கணக்குதான், பூ மூச்சு விடும் வேகத்தைக் குறைக்க.

(காட்சி: வாழைப்பூ ஆயும் கைகள். பக்கத்தில் மோர் கலந்த தண்ணீர்ப் பாத்திரம்.)

பூவைக் கசக்கினால் ஏன் பழுப்பாகிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். செல்லுக்குள் நொதியும் அது தாக்கக்கூடிய பொருளும் தனித்தனி அறையில் இருக்கின்றன. பீனால் சேர்மங்கள் வாக்குவோலில், பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதி வெளியே. நசுங்கினால் இடையில் இருக்கும் சவ்வு கிழிந்து இரண்டும் கலக்கும், காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து பழுப்பு நிறம் வரும். அம்மாக்களுக்கு இது எப்போதோ தெரியும். நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடுவது காற்றைத் தடுக்க. வாழைப்பூவை மோரில் போடுவது ஒரு படி மேல். மோரின் புளிப்பில் அந்த நொதியே முடங்கிவிடும்.

மணமும் நொதியின் கைவேலைதான். காலையில் மொட்டை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. சாயங்காலம் அவிழும்போதுதான் தெரு மணக்கும். மல்லி வாசத்தில் முக்கியமான ஒன்று பென்சைல் அசிடேட். அதில் இருக்கும் அசிடைல் பகுதி, கிரப்ஸ் சுழற்சிக்குள் போகிற அதே அசிடைல் கோஎன்சைம் ஏயிலிருந்து வருவது. பூவின் மூச்சும் வாசமும் ஒரே சரக்கிலிருந்துதான் பிரிகின்றன.

இனி செல் பிரிதல். மல்லி மலர்வது செல் பிரிந்து பெருகுவதால் என்று நினைத்தால் அது தவறு. பிரிதல் மொட்டு சின்னதாக இருக்கும்போதே பெரும்பாலும் முடிந்துவிடும். மலரும்போது இருக்கும் செல்கள் தண்ணீர் குடித்து உப்புகின்றன. பிரிதலைப் பார்க்க வேர் நுனிக்குப் போக வேண்டும்.

மதுரை மல்லியில் விதை பிடிப்பது அபூர்வம். ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் கொம்பு வெட்டி வேர்விடச் செய்த நாற்றுகளைத்தான் வாங்கி வந்து நடுகிறார்கள். வெட்டிய கொம்பில் சும்மா இருந்த செல்கள் மறுபடி பிரிய ஆரம்பித்து வேராகின்றன. இதில் நடப்பது மைட்டாசிஸ். பிரிவதற்கு முன்பே செல் தன் டிஎன்ஏ முழுவதையும் நகல் எடுத்துவிடும். பிறகு குரோமோசோம்கள் சுருண்டு தடித்து நடுக்கோட்டில் வரிசை கட்டும், இரட்டைகள் பிரிந்து எதிரெதிர் முனைக்குப் போகும். மல்லிக்கு 26 குரோமோசோம். இரு பக்கமும் அதே 26. தாவர செல்லில் நடுவிலிருந்து ஒரு தட்டு எழும்பி ஓரம் நோக்கி வளர்ந்து சுவராகும். அதனால் தாய்ச்செடியின் மணம் எதுவோ அதுதான் கொம்பிலிருந்து வந்த செடிக்கும். 2013ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, நகலெடுத்து நகலெடுத்தே நம் கைக்கு வந்திருக்கிறது.

(காட்சி: தண்ணீர் டம்ளரின் வாயில் உட்கார்ந்திருக்கும் வெங்காயம். அடியில் வெள்ளை வேர்கள்.)

நீங்களே பார்க்க ஆசையா? மல்லி வேரில் தொடங்காதீர்கள், அதன் குரோமோசோம்கள் மிகச் சிறியவை. வெங்காயத்துக்கு 16தான், ஒவ்வொன்றும் பெரிது. டம்ளரில் அடிப்பக்கம் மட்டும் தண்ணீர் தொடுமாறு வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வேர் வரும். காலையில் நுனியை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கி, பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, சிலைடில் வைத்து, கவர்சிலிப் என்ற மெல்லிய கண்ணாடியால் மூடி, அதன் மேல் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்த்தினால் செல்கள் உருண்டுவிடும். பெரும்பாலான செல்களில் உருண்டையான உட்கரு மட்டும்தான் தெரியும். சிலைடை மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். நுனிப் பக்கம் எங்காவது ஒரு செல்லில், சிவப்பு நூல்கள் இரண்டு கற்றையாக ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருக்கும்.