ஆளுக்கும் ஊருக்கும் தொழில் இட்ட பெயர்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நீங்கள் எந்த ஊரிலிருந்து இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருந்தாலும், உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ மணியக்காரர் வீடு, கணக்குப்பிள்ளை வீடு, வைத்தியர் வீடு என்று ஏதேனும் ஒரு வீடு இருக்கும். மணியக்காரர் வீட்டில் இன்று மணியம் பார்ப்பவர் எவரும் இல்லை. பரம்பரையாக வந்த மணியம் என்ற ஊர்த் தலைமைப் பதவியையும் கர்ணம் என்ற ஊர்க் கணக்குப் பதவியையும் தமிழ்நாட்டு அரசு 1980ஆம் ஆண்டிலேயே நீக்கி, அந்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலரை அமர்த்திவிட்டது. ஆயினும் கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவர் இன்றும் மணியக்காரர் வீடு எது என்று கேட்டுத்தான் வந்து சேர்கிறார். அந்த மணியக்காரரின் பெயரே கோயம்புத்தூரில் மணியக்காரன்பாளையமாக ஒரு பகுதிக்கு அமைந்திருக்கிறது. ஊர்க் கணக்கு எழுதியவரின் பெயர் பழனிக்கு அருகே கணக்கன்பட்டியாக நிற்கிறது. தூத்துக்குடி மாவட்டத்திற்குப் போனால், பொன் வேலை செய்யும் தட்டாரின் பெயரோடு தட்டார்மடம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மனிதனைக் குறித்த ஒரு தொழிலின் பெயர் அவன் இருந்த மண்ணையும் குறிக்கத் தொடங்கி, மனிதன் போன பின்பும் மண்ணில் தங்கிவிடுவதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நெடுங்காலமாக இப்பெயர்களைத் தேடித் தொகுத்து வருபவன் என்ற முறையில், என் மனத்தில் உறுதிப்பட்ட ஒரு கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய பெயரைக் கேட்டவுடன் நாம் சாதியைத்தான் நினைக்கிறோம். தொழிலும் பிறப்பும் இறுகப் பிணைந்துபோன பிற்காலத்திலிருந்து பின்னோக்கிப் பார்ப்பதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. நம்மிடம் உள்ள மிகப் பழைய பெயர்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் தொழில் ஒரு முகவரியாகவும் மதிப்பாகவும் இருந்திருக்கிறது.

மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகையில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அங்கே தங்கிய துறவிகளுக்குக் கொடை அளித்தவர்கள் தங்கள் பெயரைப் பாறையில் வெட்டச் செய்தார்கள். பொன் வேலை செய்தவர், உப்பு விற்றவர், அறுவை வணிகர் எனப்பட்ட துணி வணிகர், கலப்பைக்குக் கொழு விற்ற கொழு வணிகர் என்று ஒவ்வொருவரும் தாம் பார்த்த தொழிலோடு சேர்த்தே தம் பெயரைப் பதித்திருக்கிறார்கள். கரூருக்கு அருகே புகழூர் மலையில் கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பவரின் பெயர் இருக்கிறது. ஊர், தொழில், பிறகு தன் பெயர் என்ற இந்த வரிசையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சங்கப் புலவர்களின் பெயர்களிலும் இதே வரிசைதான். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார் மருத்துவம் பார்த்தவர். தங்கால் என்பது சிவகாசிக்குப் பக்கத்தில் இன்று திருத்தங்கல் என வழங்கும் ஊர். அவ்வூர்ப் பொற்கொல்லரான வெண்ணாகனாரும் புலவர். முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனாரைக் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் என்றே ஏடுகள் குறிக்கின்றன. தகப்பனாரின் தொழில் மகனைக் காட்டும் அடையாளமாகிவிட்டது. கடைத்தெருவிலும் உலைக்களத்திலும் பகலெல்லாம் வேலை செய்தவர்கள் பாடிய பாடல்களைத்தான் நாம் செவ்விலக்கியம் என்று போற்றுகிறோம்.

இவர்களுள் என் நெஞ்சில் முதலிடம் பெற்றவர் வெண்ணிக் குயத்தியார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் இரயிலில் சென்றவர்கள், நீடாமங்கலத்திற்கு முன்னால் கோவில்வெண்ணி என்று ஒரு சிறிய நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். சம்பந்தரும் அப்பரும் தேவாரம் பாடிய திருவெண்ணியூர் அதுதான். அங்கே கோயில் கொண்டுள்ள இறைவன் கரும்பேசுவரர். அந்த வெண்ணியில்தான் சோழன் கரிகாலனுக்கும் சேரனுக்கும் பெரும் போர் நடந்தது. கரிகாலன் எறிந்த வேல் சேரனின் மார்பைத் துளைத்து முதுகிலும் புண் செய்தது. புறமுதுகு காட்டாதவனுக்கு முதுகில் புண் ஏற்பட்டதே என்று நாணிய சேரன், வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர் விட்டான்.

வென்ற மன்னனைப் பாடுவதற்குப் புலவர்களுக்கா பஞ்சம்? அந்த வெண்ணியில் மண் பிசைந்து பானை வனைந்த குடியைச் சேர்ந்த ஒரு பெண்மணி, கரிகாலனையே நேர்முகமாக விளித்து ஒரு பாடல் பாடினார். புறநானூற்றில் அது 66ஆம் பாட்டு. காற்றின் போக்கை அறிந்து கடலில் கலம் செலுத்தியவர்களின் வழித்தோன்றலே, மதயானைகளை உடைய கரிகால் வளவனே, போரில் நீ வென்றாய். ஆனால் இந்த வெண்ணிப் போர்க்களத்தில் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே, அவன் உன்னைக் காட்டிலும் நல்லவன் அல்லனோ என்று கேட்டார். ‘நின்னினும் நல்லன் அன்றே’ என்பது அவருடைய சொல். வெற்றி பெற்ற அரசனிடம், அவன் வென்ற களத்தின் பெயரைச் சொல்லி, தோற்றவன் உன்னினும் நல்லவன் என்று சொல்லும் துணிவை எண்ணிப் பாருங்கள். அப்படிச் சொன்ன பாட்டை அழித்துவிடாமல் இத்தனை நூற்றாண்டுகள் ஏட்டில் காத்துத் தந்தவர்களையும் எண்ணிப் பாருங்கள்.

இந்த அம்மையாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஊரையும் தொழிலையும் கொண்டே அவர் அறியப்படுகிறார். இளவேட்டனார், தாமோதரனார் என்று மற்றவர்களுக்கெல்லாம் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. இவருக்கு அந்த மூன்றாவது இல்லாமலேயே அடையாளம் முழுமையாகிவிட்டது. குயத்தி என்று நிறுத்தாமல் குயத்தியார் என்று ‘ஆர்’ விகுதி சேர்த்து அவரைக் குறித்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். பானை வனைபவரை, கொல்லரை, துணி வெளுப்பவரை ஒருமையில் அழைப்பதே வழக்கம் என்று ஆக்கிக்கொண்ட ஊர்களில் நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். அவ்வழக்கத்திற்குப் பழமையின் சான்று காட்ட விரும்புபவர்கள், இந்த ஒரு விகுதிக்கு விடை சொல்லியாக வேண்டும்.

இனி, பெயர் ஊருக்கும் ஆளுக்கும் முழுமையாகப் பொதுவாக நிற்கும் ஓர் இடத்திற்கு வருகிறேன். அது யாழ்ப்பாணம். யாழ் இசைத்த பாணன் ஒருவன், கண்பார்வை இழந்தவன், சோழநாட்டிலிருந்து சென்று மன்னனை இசையால் மகிழ்வித்து, மணல் பரந்த அந்நிலப்பகுதியைப் பரிசிலாகப் பெற்று, மக்களைக் கொண்டுவந்து குடியேற்றினான் என்பது அங்கே வழிவழியாக வழங்கும் கதை. மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் இக்கதை இடம்பெற்றிருக்கிறது. இதை வரலாறாக ஏற்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கதை எப்படியாயினும், அங்கே வாழும் மக்கள் தங்கள் மண்ணுக்குப் பெயர் தந்தவன் ஓர் இசைக்கலைஞன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொண்டிருக்கிறார்கள். அரசனின் பெயரையும் போர்வீரனின் பெயரையும் தாங்கிய நகரங்கள் எத்தனையோ உண்டு. யாழ் மீட்டியவனின் பெயரைத் தாங்கிய நகரம் இது.

அதே பெயரோடு தமிழ்நாட்டில் ஒரு மனிதர் வாழ்ந்தார். அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான திருநீலகண்ட யாழ்ப்பாணர்தான் அவர். விருத்தாசலம் பக்கம் இன்று இராசேந்திரப்பட்டினம் எனப்படும் எருக்கத்தம்புலியூர் அவர் பிறந்த ஊர். மனைவி மதங்கசூளாமணியாரோடு திருஞானசம்பந்தர் சென்ற தலங்களுக்கெல்லாம் உடன் சென்று, பதிகங்களை யாழில் இட்டு வாசித்தார். சாத்தமங்கையில் திருநீலநக்கர் வீட்டில் இரவு தங்க நேர்ந்தபோது, பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் இடம் தரவேண்டும் என்று சம்பந்தர் கேட்க, வேதியரான திருநீலநக்கர் தம் வேள்வி வேதிகையின் பக்கத்திலேயே இடம் தந்தார் என்றும், வேள்வித் தீ வலமாகச் சுழன்று எழுந்தது என்றும் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். பாணர் குடியை விலக்கி வைத்த காலத்தில், அக்குடியினருக்கு வேதிகையின் அருகே இடம் கிடைத்ததைச் சேக்கிழார் இவ்வளவு அக்கறையோடு சொல்வதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இப்போது சென்னைக்கு வருவோம். வண்ணாரப்பேட்டையை அறியாதவர் இல்லை. 2019ஆம் ஆண்டு முதல் மெட்ரோ இரயிலிலும் அந்தப் பெயர் அறிவிக்கப்படுகிறது. கேட்பவர்கள் வீட்டுத் துணி வெளுத்தவர்கள் வாழ்ந்த பகுதி என்று மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இந்நகரத்தில் கால் ஊன்றியதே துணி வணிகத்திற்காக. தறியிலிருந்து இறங்கிய கோராத் துணியை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. அதை அலசி, வெளுத்து, வெயிலில் உலர்த்தி எடுக்கவேண்டும். வண்ணம் ஏற்றவும் அச்சுப் பதிக்கவும் வெளுத்த துணியே வேண்டும். நீரும் வெட்டவெளியும் வேண்டிய அந்த வேலையைக் கம்பெனிக்காகச் செய்தவர்கள் குடியிருந்த பேட்டை இது. கடல் கடந்து போன சென்னைத் துணியின் புகழில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஏற்றுமதி வணிகத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களை நாம் மறந்துவிடுகிறோம். அப்பெயரை நினைக்கும்போது ஏற்றுமதியை மறந்துவிடுகிறோம். ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், 1734ஆம் ஆண்டில், நெசவாளர்களுக்காக அமைக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டையின் பெயரைச் சின்னத் தறிப் பேட்டை என்பதன் மரூஉ என்பர். தறியும் வெளுப்பும் சேர்ந்துதான் அந்த வணிகம் நடந்தது.

தெருப் பெயர்களிலிருந்தும் ஊர்ப் பெயர்களிலிருந்தும் சாதியை நீக்கவேண்டும் என்ற கோரிக்கை இருந்து வருகிறது. அதன் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். தன்னை இழிவுபடுத்தும் பெயரை முகவரியாக எழுதும் கட்டாயம் எந்தப் பிள்ளைக்கும் இருக்கக்கூடாது. பெயரை மாற்றும்போது, பழைய பெயரால் குறிக்கப்பட்ட வேலை என்ன, அது எந்த இடத்தில் நடந்தது, உலைக்களமோ சூளையோ துறையோ எங்கே இருந்தது என்பதை ஊராட்சியோ நகராட்சியோ தன் பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும் என்பதே நான் முன்வைக்கும் வேண்டுகோள். அவ்வேலையைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். குயவர்பாளையம் என்ற பெயர் போகலாம். அங்கே எந்தக் குளத்து மண்ணை எடுத்துப் பானை செய்தார்கள் என்ற செய்தி போகக்கூடாது.

எனக்குத் தரப்பட்ட நேரம் முடியப் போகிறது. சொல்ல நினைத்த எஞ்சியவற்றைச் சுருக்கியே சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்லாந்தின் தென்பகுதியில் கிடைத்த ஓர் உரைகல்லில், பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லருடைய கல் என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. அதைப் பற்றித் தனியாகவே ஓர் உரை ஆற்றலாம். சென்னையின் கொத்தவால் சாவடி, கொத்தவால் என்ற நகரக் காவல் அதிகாரியின் பெயரால் வந்தது. மேற்கு இந்தியாவில் அதுவே குடும்பப் பெயராக வழங்குகிறது. இங்கோ காய்கறிச் சந்தை 1996ஆம் ஆண்டில் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் சாவடியின் பெயர் அங்கேயே இருக்கிறது. மும்பையில் இரும்பு வணிகத்தால் வந்த லோகண்ட்வாலா என்ற குடும்பப் பெயர், அக்குடும்பத்தார் கட்டிய பெரிய குடியிருப்புக்கும் பெயராகிவிட்டது.

நம் காலத்திலும் இது தொடர்கிறது. ஆசிரியர் காலனி, நெசவாளர் காலனி, இரயில்வே காலனி என்று நாமே பெயர் வைத்திருக்கிறோம். பல ஊர்களில் உள்ள என்.ஜி.ஓ. காலனி என்ற பெயரைக் கேட்கும் இளைஞர்கள் அதைத் தொண்டு நிறுவனங்களோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். நான் கெசட்டட் ஆபீசர்ஸ் எனப்பட்ட, அரசிதழில் பெயர் வராத பணிநிலையில் இருந்த அரசு ஊழியர்கள், சங்கமாகச் சேர்ந்து, மனை வாங்கி, கடன் எடுத்துக் கட்டிய வீடுகள் அவை. அவர்களில் பலர் இன்றும் அந்த வீடுகளிலேயே இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், இதுவரை செவிமடுத்த நேயர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.