மொழி தெரியாதவன் எழுதிய வரலாறு

அன்பர்களே, வணக்கம்.

இன்று நான் பேச வந்திருப்பது அயர்லாந்துப் பாதிரியார் ஒருவரைப் பற்றி. ஆங்கிலத்தில் அவர் பெயர் ஜெஃப்ரி கீட்டிங். அவருடைய சொந்த மொழியான ஐரிஷில் ஷஹ்ரூன் கேட்டின். நாமும் அப்படியே அழைப்போம். அவர் வாழ்நாள் முழுக்க எழுதியது அந்த மொழியில்தான்.

16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தெற்கு அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பிறந்தார். அவருடைய முன்னோர், 12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து நார்மன்கள் நடத்திய படையெடுப்போடு வந்து குடியேறியவர்கள். 'பழைய ஆங்கிலேயர்' என்பார்கள். அதாவது, இவர் உடம்பில் ஓடியது வென்றவர்களின் ரத்தம். ஆனால் நானூறு ஆண்டுகளில் அந்தக் குடும்பங்கள் பலவும் ஐரிஷ் பேசி, ஐரிஷ் கவிஞர்களை ஆதரித்து, அந்த மண்ணோடு கலந்துவிட்டிருந்தன.

கத்தோலிக்கக் குருவாகப் படிக்க, புராட்டஸ்டண்டு ஆங்கிலேயர் ஆண்ட உள்நாட்டில் வழியில்லை. பிரான்சுக்குப் போனார், இறையியலில் முனைவரானார். அங்கிருந்து அவர் எழுதிய ஒரு கவிதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஊருக்குக் கடிதம் போகிறது. அந்தக் கடிதத்தைப் பார்த்தே பேசுகிறார். என் வாழ்த்தும் உன்னோடு போகட்டும், மடலே, என்கிறார். அந்த மலைமுகடுகள் என் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று ஏங்குகிறார். கடிதம் போகும், எழுதியவன் போக முடியாது.

அப்புறம் ஒருவழியாக ஊர் திரும்பினார். அதற்குள் நாடு மாறிப்போயிருந்தது. 1601-இல் கின்சேல் போரில் ஐரிஷ் தலைவர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள். 1607-இல் வடக்கின் பெரிய தலைவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். புலவர்களைப் பேணிய குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஒரு பெரிய வீட்டுப் பெண்ணைச் சுட்டுவதுபோல அவர் பிரசங்கம் செய்ததாகவும், அதனால் துரத்தப்பட்டு அஹெர்லோ பள்ளத்தாக்கில் ஒளிந்திருந்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை கதையாகவே இருக்கட்டும். அந்த ஆண்டுகளில் அவர் எழுதினார், அதுதான் நமக்கு முக்கியம். 1634 வாக்கில் முடிந்த அந்த நூலின் பெயர் 'ஃபொரஸ் ஃபாஸா எர் ஏரின்'. அயர்லாந்தைப் பற்றிய அறிவுக்கு அடித்தளம் என்று பொருள்.

நூலுக்குள் போகும் முன் முன்னுரையில் கொஞ்சம் நிற்போம். அது ஒரு வழக்காடல். கிரால்டஸ் கேம்ப்ரென்சிஸ், ஸ்பென்சர், ஸ்டானிஹர்ஸ்ட், மோரிசன் என்று அயர்லாந்தை இழித்து எழுதியவர்களைப் பெயர் சொல்லி நிறுத்திக் கேட்கிறார். இவர்கள் சாணி வண்டைப் போன்றவர்கள் என்கிறார். கோடையில் பறக்கும் அந்த வண்டு வயலிலும் தோட்டத்திலும் எத்தனை பூ இருந்தாலும் ஒன்றிலும் உட்காராது. சாணத்தைத் தேடிப் போய் அதில்தான் புரளும்.

டப்ளின்காரரான ஸ்டானிஹர்ஸ்டுக்குத்தான் பதில் கூர்மையாக விழுகிறது. ஐரிஷ் மொழியை ஒழித்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கேட்டின் சொல்கிறார்: வெற்றியில் இரண்டு வகை உண்டு. வென்ற நாட்டு மக்களையும் மொழியையும் வாழவிட்டு ஆள்வது கிறிஸ்தவ வெற்றி. இங்கிலாந்தை வென்ற வில்லியம் அப்படித்தான் செய்தான். மக்களை விரட்டி மொழியையும் அழிப்பது கிறிஸ்தவம் அறியாதவனின் வெற்றி. சரி, நீ ஐரிஷ் யாழிசையைக் குறை சொல்கிறாயே, அந்தக் கலைஞர்களிடம் கேட்டறிய உனக்கு மொழி தெரியுமா? பழைய ஏடுகளைப் படிக்கத் தெரியுமா? தெரியாதவன் எப்படி இந்த மக்களின் வரலாற்றை எழுதலாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் கேட்டினை நேசிக்கிறேன். தன் வம்சத்தையும் அவர் மறைக்கவில்லை. நானே பழைய ஆங்கிலேயன், கேலிக் மக்கள்மேல், அதாவது ஐரிஷ் பூர்வகுடிகள்மேல், உள்ள பாசத்தால் புகழ்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது என்கிறார்.

நூலில் தொன்மக் கதைகள் ஏராளம். அதனால் அவரை எதையும் நம்பும் மனிதர் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அது நியாயமில்லை. பைபிள் சொல்லும் பெருவெள்ளத்துக்கு முன்பே அயர்லாந்துக்கு வந்தவர்களைப் பற்றிய கதையைச் சொல்லிவிட்டு, உடனே கேட்கிறார்: எல்லோரும் மூழ்கிப்போன பிறகு இந்தச் செய்தியை யார் வந்து சொன்னது? காற்றில் திரியும் பேய்களா, இல்லை கல்லில் எழுதியிருந்ததா? பழைய ஏட்டில் இருப்பதால் சொல்கிறேன், மெய்யென்று ஏற்கவில்லை என்கிறார்.

இந்த நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. கையால் படியெடுத்தார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் என்று 19-ஆம் நூற்றாண்டு வரை அது தொடர்ந்தது. 1723-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சில் வந்துவிட்டது. மூலம் முழுமையாக, நான்கு தொகுதிகளாக, 1902-க்கும் 1914-க்கும் இடையில்தான் வந்தது. நடுவே இருந்த காலமெல்லாம் அதைக் காப்பாற்றியவை கைகளே. எத்தனை இரவுகள், எவ்வளவு மை!

டிப்பரரியில் டப்ரிட் என்ற ஊரில் இடிந்த சிறு கோயில் ஒன்று இருக்கிறது. அதில் 1644 என்று பொறித்த லத்தீன் கல்வெட்டு உண்டு. இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டு குருமாருக்காகவும், இங்கே கிடக்கும் மற்ற எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது அது. இருவரில் ஒருவர் கேட்டின். அவர் கவிஞர் என்றோ, வரலாறு எழுதியவர் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை.