கொதிக்காமல் வடிக்கும் வாலை

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் வெண்ணெய் உருக்குகிறவர்களுக்குத் தெரியும், பதம் வரும் நேரத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. போன் வந்தது, எடுத்துப் பேசினேன் என்றால் நெய் கருகியிருக்கும். அதே சூட்டை ஒரு நொடி மட்டும் காட்டி எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பொருளைக் கெடுப்பதில் சூட்டுக்கு எவ்வளவு பங்கோ, நேரத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இன்று நான் பேச வந்திருக்கும் மூலக்கூறு வடிப்பு, இந்த இரண்டையும் ஒருசேரக் குறைக்கிற முறை.

வடிப்பது, அதாவது ஆவியாக்கி மறுபடி குளிரவைத்துப் பிரிப்பது, நமக்குப் புதிதல்ல. ஓமத் தீநீர், வாலை என்கிற வடிகலத்தில் வடித்ததுதான். ஓமத்தின் மணப்பொருள் நீராவியோடு சுலபமாக ஏறி வந்துவிடும். ஆனால் வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ, மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் எல்லாம் கனமான மூலக்கூறுகள். அவை ஆவியாகும் அளவுக்குச் சூடு ஏற்றுவதற்குள் சிதைந்துவிடும்.

சரி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால்? அழுத்தம் குறைந்தால் கொதிநிலை இறங்கும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிப்பது அதனால்தான். ஆனால் இங்கே ஒரு சிக்கல். பாத்திரத்தில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எண்ணெய் இருக்கிறது என்று வையுங்கள். மேலே எவ்வளவு நல்ல வெற்றிடம் இருந்தாலும், அடியில் இருக்கும் எண்ணெயை மேலே இருக்கும் எண்ணெயின் எடையே அழுத்தும். அது கிட்டத்தட்ட 9 மில்லிபார் (மில்லிபார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). நமக்கு வேண்டியதோ 0.001 மில்லிபார். அப்புறம், கிளம்பும் ஆவி குழாய் வழியே நெளிந்து குளிர்விப்பானுக்குப் போக வேண்டுமே, அதற்கும் அழுத்தம் தேவை.

ஆகவே பாத்திரத்தையும் குழாயையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சூடான சுவரில் எண்ணெய் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படலமாக வழிகிறது. சுழலும் துடைப்பான்கள் அதைத் தோசை மாவு போலப் பரப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு எதிரிலேயே, சில சென்டிமீட்டர் தள்ளி, குளிர்ந்த சுவர். எண்ணெய் சூட்டில் இருப்பது சில நொடிகள், மிஞ்சினால் ஒரு நிமிடம்.

ஏன் இவ்வளவு பக்கத்தில்? தீபாவளிக்கு முந்தைய மாலை ரங்கநாதன் தெருவில் நடந்து பாருங்கள், இரண்டு அடி வைப்பதற்குள் யார் மீதாவது மோதுவீர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அதே தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு அடுத்ததில் மோதாமல் போகும் தூரம், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இதைச் சராசரி மோதலிடைத் தூரம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 0.001 மில்லிபாரில் அது ஆறேழு சென்டிமீட்டராக நீண்டுவிடும். எண்ணெய் மூலக்கூறு பருமனானது, அதற்கு இன்னும் கொஞ்சம் குறையும். எதிர்ச்சுவர் அந்தத் தூரத்துக்குள் இருந்தால், கிளம்பிய மூலக்கூறு திரும்பி வராமல் நேரே போய் ஒட்டிக்கொள்ளும். குமிழி கிடையாது, கொதிப்பு கிடையாது. கொடியில் துணி காய்கிற மாதிரி சத்தமில்லாமல் நடக்கும்.

முதலில் இப்படிச் செய்தது எண்ணெயில் அல்ல, பாதரசத்தில். 1920ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் பிரான்ஸ்டெட்டும் ஹெவெசியும் பாதரசத்தின் ஐசோடோப்புகளை, அதாவது எடை மட்டும் வேறுபடும் அணு வகைகளை, இந்த வழியில் ஓரளவு பிரித்துக் காட்டினார்கள். ஆமாம், பள்ளியில் அமிலம், காரம் பாடத்தில் வருகிற அதே பிரான்ஸ்டெட். அடுத்து 1920களின் கடைசியில் இங்கிலாந்தில் பர்ச் என்பவர் பெட்ரோலிய எண்ணெய்களை வடித்து, வெற்றிடப் பம்புகளில் பாதரசத்துக்குப் பதிலாக ஊற்றலாம் என்று காட்டினார். அமெரிக்காவில் புகைப்படச் சுருள் தயாரித்த ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் கென்னத் ஹிக்மனும் பம்பு எண்ணெயில்தான் இறங்கினார், கடைசியில் மீன் ஈரல் எண்ணெயிலிருந்து வைட்டமின் ஏ வடிப்பதில் வந்து நின்றார். 1938இல் அதற்கென்றே தனி நிறுவனம் தொடங்கினார்கள். கேமரா கம்பெனி வைட்டமின் விற்ற கதை இது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எண்ணெயில் கரைந்திருக்கும் காற்றையும் ஈரத்தையும் முதலில் வெளியேற்றும் படியை அவசரத்தில் சுருக்கிவிட்டேன். வெற்றிடத்தில் அந்த ஈரம் சும்மா இருக்குமா? எண்ணெய் பொங்கித் தெறித்து எதிர்ச்சுவரெல்லாம் அப்பிக்கொண்டது. வடித்ததும் வடிக்காததும் ஒன்றாகிப் போனதில், மாலை முழுக்க வாலையின் கண்ணாடியைத் துடைத்தேன்.

இந்த முறைக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. பெட்ரோலிய ஆலையின் உயர்ந்த கோபுரத்தில் ஆவியும் திரவமும் பலமுறை சந்தித்துச் சந்தித்துப் பிரியும். இங்கே ஒரே தாவல்தான். குணத்தில் நெருக்கமான இரண்டு பொருட்களை ஒரே ஓட்டத்தில் சுத்தமாகப் பிரிக்க முடியாது, திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். செலவும் கூடும்.

அப்படியிருந்தும் இது உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. ரொட்டி, ஐஸ்கிரீம் உறைகளில் 471 என்ற எண்ணைப் பாருங்கள். அது மோனோ, டைகிளிசரைடு என்கிற பால்மமாக்கி, அதாவது எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்க உதவும் பொருள். கொழுப்பையும் கிளிசரினையும் சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும் கலவையில் மோனோகிளிசரைடு சுமார் பாதிதான் இருக்கும். மூலக்கூறு வடிப்பில் அதை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகிறார்கள். அதிக நேரம் சூட்டில் வைத்தால் பழைய கலவைக்கே திரும்பத் தொடங்கும், அதனால்தான் இந்த அவசரம்.

மீன் எண்ணெய் மாத்திரை டப்பாக்களிலும் 'மூலக்கூறு வடிப்பு செய்தது' என்று பெருமையாகப் போடுகிறார்கள். பிசிபி (குளோரின் கலந்த நச்சு ரசாயனங்கள்) போன்ற மாசுகளைக் குறைக்க இது நல்ல வழிதான். 'பாதரசம் நீக்கியது' என்ற வரிக்கு மட்டும் நான் மயங்க மாட்டேன். மீனில் பாதரசம் பெரும்பாலும் சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது, எண்ணெயில் ஆரம்பத்திலேயே மிகக் குறைவு. தவிர, எப்படி வடித்தாலும், பிறகு மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த எண்ணெய் காறிப்போகும். அதை எந்த லேபிளும் சொல்லாது. சந்தேகம் வந்தால் ஒரு மாத்திரையைக் கத்தரித்து முகர்ந்து பாருங்கள். நன்றி, வணக்கம்.